கண்காட்சியும் முதல் புத்தகமும் ஒரே மாதத்தில் வந்து நின்றால்

தங்கச்சி, நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்டது இப்படி. ஓகஸ்ட் கடைசியில் கொழும்பில் ஒரு கூட்டுக் கண்காட்சி. அதற்கு ஆறு எண்ணெய் வண்ணப் படங்கள் தருவதாக ஒத்துக்கொண்டீர்கள், ஒன்று முடிந்துவிட்டது, ஐந்து பாக்கி. இந்த நேரத்தில் ஒரு பதிப்பாளர் 24 பக்கச் சிறுவர் புத்தகம் ஒன்றுக்கு நீர்வண்ணத்தில் படம் கீறித் தரக் கேட்கிறார். செப்டெம்பர் புத்தகக் கண்காட்சிக்கு அது வந்தாக வேண்டுமாம். கையில் பத்து வாரம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு நாள் வெள்ளவத்தையில் சித்திர வகுப்பும் எடுக்கிறீர்கள். "இரண்டில் எதை விடுவது?" என்பது உங்கள் கேள்வி. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்: புத்தகத்துக்குக் கீறத் தொடங்கினால் கை கெட்டுப்போகும் என்று உங்களுக்குப் படிப்பித்த ஒருவர் சொன்னாராம். எனக்கென்னவோ உங்களை அலைக்கழிப்பது அந்த வரிதான் என்று படுகிறது. நேரக் கணக்கு மட்டும் பிரச்சினை என்றால் நீங்களே கணக்குப் போட்டிருப்பீர்கள். ஆகவே இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் தெஹிவளையில் இருக்கிறேன். 24 வருடமாகப் புத்தகங்களுக்கும் சஞ்சிகைகளுக்கும் படம் கீறுகிறேன், அதே காலத்தில் கன்வஸிலும் வேலை செய்து கூட்டாகவும் தனியாகவும் காட்சிக்கு வைத்திருக்கிறேன். எல்லாம் கையால் செய்த வேலை. டெப்லட்டில் கீறுகிறவர்களின் வேலை ஓட்டம் வேறு, அதைப் பற்றி என் சொல்லை நம்ப வேண்டாம். நான் சட்டத்தரணியும் அல்ல. ஒப்பந்தம் பற்றிக் கீழே சொல்வது, ஒருமுறை பட்டுத் தெளிந்த பிறகு சட்டத்தை எடுத்து வாசித்தவன் சொல்வது.

கை கெடும் என்ற பேச்சை முதலில் எடுப்போம். நீங்கள் படங்களைத் தொங்கவிடப் போகும் இந்த ஊரின் நவீன ஓவியம் எங்கே தொடங்கியது என்று பாருங்கள். 1943இல் புகைப்படக் கலைஞர் லயனல் வெண்ட்டைச் சுற்றிக் கூடிய '43 குழு' என்ற ஓவியர் குழுவில் ஓப்ரி கொலெட் இருந்தார். அவர் பத்திரிகைகளுக்கு அரசியல் கேலிச்சித்திரம் கீறியவர், அதாவது தினசரிக் கெடுவுக்குள் வேலை செய்தவர். அதே குழுவின் ஓவியர் ஜோர்ஜ் கீற், ஜயதேவரின் வடமொழிக் காவியமான கீதகோவிந்தத்தை மொழிபெயர்த்து அதற்குத் தானே கோட்டோவியங்களும் கீறினார். நேரம் கிடைத்தால் பொரளையில் கோதமி விகாரைக்குப் போய் அவர் சுவரில் தீட்டிய புத்தர் வரலாற்றைப் பாருங்கள். ஒரு கதையை, அதே மனிதரை, காட்சிக்குக் காட்சி கொண்டுபோகிற வேலைதான் அது. உங்கள் 24 பக்கத்திலும் நீங்கள் செய்யப்போவது வேறொன்றும் இல்லை. அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு யாரும் கீற்றின் கை கெட்டுப்போனது என்று சொல்லமாட்டார்கள்.

ஆனால் உங்கள் ஆசிரியர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. அதை மறைத்தால் நான் நேர்மையாகப் பதில் சொன்னவன் ஆகமாட்டேன். புத்தகப் படம் ஒரு பிள்ளைக்கு உடனே விளங்க வேண்டும். அதனால் கை சில தீர்வுகளைப் பழகிக்கொள்ளும்: உருவத்தைக் கோட்டால் அடைப்பது, கண்ணைப் பெரிதாக்குவது, வெற்றிடத்தை ஒரு செடியாலோ பூனையாலோ நிரப்புவது. தொடர்ந்து மூன்று புத்தகம் செய்த ஒரு வருடத்தில் என் கன்வஸில் இருந்த முகங்கள் எல்லாம் ஆச்சரியப்பட்ட முகங்களாகவே இருந்தன. ஒரு நண்பர் வந்து பார்த்துவிட்டு, "எல்லாரும் எதையோ கண்டு மிரண்ட மாதிரி நிற்கிறார்கள்" என்றார். நான் அதுவரை கவனிக்கவே இல்லை. கன்வஸுக்குத் திரும்பும் முதல் நாள் படத்தைத் தொடாமல், ஒரு மணித்தியாலம் கரித்துண்டால் பெரிய தாளில், நின்றபடி, தோளிலிருந்து கையை வீசிக் கீறினால் அந்தப் பழக்கம் கழன்றுவிடும். எனக்குக் கழன்றது. நிரந்தரமாகக் கெட்டுப்போன கை ஒன்றை இத்தனை வருடத்தில் நான் கண்டதில்லை. வருமானம் இல்லாமல் தூரிகையையே விட்டுவிட்டு வங்கிக்கும் கடைக்கும் போன கைகளைத்தான் நிறையக் கண்டிருக்கிறேன்.

சரி, இனி நேரம். இரண்டு வேலைக்கும் இரண்டு விதமான காத்திருப்பு இருக்கிறது. அதை விளங்கிக்கொண்டால் பாதிப் பாரம் இறங்கிவிடும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் ஆவியாகி உலர்வது போல உலர்வதில்லை. அதிலுள்ள எண்ணெய் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. மெல்லிய பூச்சுத் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரச் சில நாள் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அது நிறத்தையும் பொறுத்தது. அம்பர் போன்ற மண் நிறங்கள் கெதியாக இறுகும், ஐவரி கறுப்பும் கட்மியம் சிவப்பும் இழுத்தடிக்கும். தடிப்பாகப் பூசினால் மாதக்கணக்கு. இப்போது தென்மேற்குப் பருவமழைக் காலம் வேறு. ஜன்னலைச் சாத்தி, இருட்டு அறையில் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்தால் இன்னும் மெதுவாகும். வண்ணத்திலுள்ள லின்சீட் எண்ணெய் இருட்டில் மஞ்சளடிக்கவும் செய்யும். ஆகவே சுவரில் தொங்கவிடும் நாளுக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னர் கடைசித் தூரிகை வைத்திருக்க வேண்டும். அதாவது உங்கள் ஓகஸ்ட் கடைசி உண்மையில் ஓகஸ்ட் முதல் வாரம்.

புத்தகத்தின் காத்திருப்பு வேறு மாதிரி. அது ஆட்களின் காத்திருப்பு. நீங்கள் மாதிரிக் கோட்டுப்படம் அனுப்பினால் பதிப்பாசிரியர் பார்க்க வேண்டும், எழுதியவர் பார்க்க வேண்டும், பக்கம் அமைப்பவர் எழுத்தை வைத்துப் பார்க்க வேண்டும், பிறகு அச்சகம். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் அந்தப் புத்தகக் கண்காட்சிக்காக ஊரிலுள்ள அச்சகங்களெல்லாம் ஓகஸ்டில் நிரம்பி வழியும். உங்கள் பதிப்பாளர் அச்சகத்தில் தனக்கென ஒரு முறை பிடித்து வைத்திருப்பார். அதைத் தவறவிட்டால் புத்தகம் ஒரு நாள் பிந்தாது, ஒரு கண்காட்சியே பிந்தும். எனவே அந்தத் திகதி கல்லில் வெட்டியது. அநேகமாக அதுவும் ஓகஸ்ட் முதல் பாதிக்குள்தான் வரும். அதனால் இரண்டு கெடுவும் கிட்டத்தட்ட ஒரே வாரத்தில் வந்து விழுகின்றன. உங்கள் வயிற்றைக் கலக்குவது இதுதான் என்று நினைக்கிறேன். பெயர் தெரியாமல் பயப்படுவதைவிட இதைத் தெரிந்துகொண்டு பயப்படுவது நல்லது.

இப்போது கணக்கு. 24 பக்கத்தில் பெயர்ப்பக்கம், பதிப்பு விபரம் போக ஏறத்தாழ 10 இரட்டைப் பக்கம் கீற வேண்டியிருக்கும். முதல் புத்தகம் என்பதால் கதையைப் பக்கம் பிரித்துக் கோட்டில் போட்டுப் பார்க்க 8 நாள். ஓர் இரட்டைப் பக்கத்தை நீர்வண்ணத்தில் முடிக்க ஒன்றரை நாள், ஆக 15. அட்டைக்கு 3. திருத்தத்துக்கு 4. ஸ்கேன் செய்து சுத்தம் செய்ய 3. மொத்தம் 33. பாக்கி ஐந்து ஓவியத்துக்கும் தலா 4 வேலை நாள் என்றால் 20. பிரேம், புகைப்படம், தலைப்பு அட்டை, வாகனம், தொங்கவிடுவது எல்லாவற்றுக்கும் 5. வகுப்பு பத்து வாரத்தில் 20 நாள். கூட்டினால் 78. உங்களிடம் இருப்பது 70, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட ஓயாமல். ஆக, நீங்கள் சோம்பேறி இல்லை, நேரத்தை வீணாக்கவும் இல்லை. உங்கள் முன்னால் நிற்கும் வேலை, கையில் இருக்கும் நாட்களைவிடப் பெரிதாக இருக்கிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்து எனக்குத் தெரிவது, எதையும் முழுக்க விட வேண்டியதில்லை, ஆனால் மூன்றையும் கொஞ்சம் கொஞ்சம் வெட்ட வேண்டும் என்பது. கண்காட்சிக்கு ஆறுக்குப் பதில் நான்கு கொடுங்கள்: முடிந்த ஒன்று, புதிதாக மூன்று. எட்டு நாள் மீதி. கூட்டுக் கண்காட்சியில் ஒருவருக்கு ஒரு சுவர்த்துண்டுதான் கிடைக்கும், அதில் நெருக்கி ஆறு வைப்பதைவிட மூச்சுவிடும்படி நான்கு வைத்தால்தான் பார்க்கிறவர் நிற்பார். புத்தகத்தில் பத்து இரட்டைப் பக்கத்தில் நான்கை முழுப் பின்னணி இல்லாமல், வெள்ளைத் தாளில் உருவம் மட்டும் நிற்கும் சிறு படங்களாக யோசியுங்கள். ஒவ்வொன்றும் அரை நாள் வேலைதான். நான்கு நாள் மீதி. இது பதிப்பாளரை ஏமாற்றுவது ஆகாது. எல்லாப் பக்கமும் விளிம்பு வரை நிறைந்திருந்தால் பிள்ளையின் கண்ணும் களைத்துவிடும். வகுப்பை நான்கு வாரம் நிறுத்தினால் இன்னும் எட்டு. 78 இப்போது 58 ஆகிறது, உங்களிடம் 12 நாள் சும்மா இருக்கிறது. அதைச் சும்மாவே விடுங்கள். ஜூன், ஜூலை கொழும்பில் டெங்குக் காலம். ஒரு காய்ச்சல் வந்தால் ஒரு வாரம் போய்விடும், அதற்குப் பிறகும் சில நாள் கை நடுங்கும்.

வகுப்பை நிறுத்தினால் வருமானம் போகுமே என்று கேட்பீர்கள். அதனால்தான் முற்பணம். புத்தக வேலையில் மூன்றில் ஒரு பங்கு வேலை தொடங்கும்போது, ஒரு பங்கு கோட்டுப்படம் ஒத்துக்கொள்ளப்பட்டதும், ஒரு பங்கு இறுதிப் படம் கையளித்ததும் என்று கேட்பது வழக்கமான முறை. கேட்க வெட்கப்பட வேண்டாம். அந்த முதல் பங்கு வகுப்புக் காசை ஈடுசெய்கிறதா என்று பாருங்கள். ஈடுசெய்யாவிட்டால் வகுப்பை நிறுத்தாதீர்கள், பதிலாக மூன்று புது ஓவியத்தை இரண்டாக்குங்கள். முற்பணம் கிடைத்ததும் தாள், கன்வஸ், வண்ணம் எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்குப் போனபோது, பாதிப் புத்தகத்தில் நிற்கையில் அதே வகைத் தாள் கடையில் இல்லாமல் நான் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை. வேறு தாளில் அதே நிறம் வேறு மாதிரி உறிஞ்சப்படும், புத்தகத்தைப் புரட்டும்போது அது தெரியும்.

வேலையை எப்படிப் பின்னுவது என்றால், முதல் மூன்று நாள் மூன்று கன்வஸிலும் அடிப்பூச்சு மெல்லியதாகப் போட்டு விட்டுவிடுங்கள். அது இறுகுகிற நாட்களில் புத்தகத்தின் கோட்டுப்படங்கள். இரண்டாம் வாரக் கடைசியில் அவற்றைப் பதிப்பாளருக்கு அனுப்புங்கள். அவர்கள் பார்த்துப் பதில் சொல்ல ஒரு வாரம் எடுப்பார்கள், அந்த வாரம் கன்வஸுக்கு. நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை புத்தகத்தின் இறுதிப் படங்கள், இடைவிடாமல். ஏழாம் வாரம் கன்வஸின் கடைசிப் பூச்சு. எட்டாம் வாரம் அட்டையும் திருத்தமும். ஒன்பதும் பத்தும் பிரேம், வாகனம், சுவர். ஒன்றின் காத்திருப்பு மற்றதன் வேலை நேரமாகிறது. மேற்பூச்சில் எண்ணெய் அடிப்பூச்சில் இருப்பதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது உங்களுக்குப் படிப்பித்திருப்பார்கள். அவசரத்தில் அதை மாற்றிவிட்டால் பிறகு வெடிக்கும். அல்கிட் கலவை சேர்த்தால் பூச்சு ஒரு நாள், இரண்டு நாளில் இறுகும், இந்த முறை அது உதவும். ஆனால் ஏற்கெனவே பழகாத பொருளை ஒரு கண்காட்சிப் படத்தில் முதன்முதலாகப் பரீட்சிக்க வேண்டாம், ஒரு துண்டுக் கன்வஸில் பாருங்கள். இறுதி வார்னிஷ் இந்தக் கண்காட்சிக்குக் கிடையாது. அதற்கு ஆறு மாதமாவது ஆக வேண்டும். வேண்டுமானால் தொட்டு ஒட்டாத நிலையில் ரீடச்சிங் வார்னிஷ் என்ற தற்காலிக வார்னிஷை மெல்லியதாக அடிக்கலாம்.

ஒரே நாளில் காலை கன்வஸ், பின்னேரம் புத்தகம் என்று மாற்றி மாற்றிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. மூன்று நாளாவது தொடர்ந்து ஒன்றிலேயே இருந்தால்தான் மனம் அங்கே குடியிருக்கும். உங்களுக்கு எப்படியோ, முதல் இரண்டு வாரத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் புத்தகத்தின் இறுதிப் படங்களை மட்டும் கட்டாயம் ஒரே மூச்சில் செய்யுங்கள். நடுவில் இரண்டு வாரம் விட்டால் கதையில் வரும் பிள்ளையின் முகம் மாறிவிடும், வளர்ந்தும்விடும். தொடங்குமுன் அந்தப் பிள்ளையை முன்னால், பக்கவாட்டில், பின்னால், இருந்தபடி, ஓடியபடி ஒரே தாளில் கீறி மேசைக்கு மேலே ஒட்டிவையுங்கள். தோல் நிறத்தையும் சட்டை நிறத்தையும் பத்துப் படத்துக்கும் சேர்த்துக் கலந்து மூடியுள்ள சிறு போத்தலில் வையுங்கள். முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். நடுப்பக்கங்களில் கையைச் சூடாக்கிவிட்டு முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் பிறகு செய்யுங்கள், வாங்குகிறவர் கடையில் புரட்டிப் பார்ப்பது அவற்றைத்தான்.

அச்சுக்கான சில விடயங்களை முதல் புத்தகத்தில் யாரும் சொல்லித் தரமாட்டார்கள். ஒவ்வொரு பக்கத்தையும் வெட்டும் அளவுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் கூடுதலாக அச்சகம் கேட்கும், நீங்கள் 5 விட்டுக் கீறுங்கள். இரட்டைப் பக்கத்தின் நடு மடிப்பில் முகமோ கையோ வரக்கூடாது. அச்சளவில் 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) குறைந்தபட்சம், நான் 600இல் ஸ்கேன் செய்து வைப்பேன். பளிச்சென்ற செம்மஞ்சளும் அல்ட்ராமரீன் நீலமும் நான்கு நிற அச்சில் மங்கும். அதைக் கண்டு அழாமல் இருக்க முன்கூட்டியே ஒரு பக்கத்தை அச்சடித்துக் காட்டச் சொல்லுங்கள். இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது: அதே புத்தகம் சிங்களத்திலும் வருமா என்று கேளுங்கள். வருமென்றால் படத்துக்குள் எந்த எழுத்தையும் கீறாதீர்கள், கடைப் பலகையில்கூட. எழுத்துத் தனிக் கறுப்பில் மேலே விழுந்தால், மொழி மாறும்போது கறுப்பு மையை அச்சிடும் தகடு ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். ஒரே வசனம் இரண்டு மொழியிலும் ஒரே நீளத்தில் வராது, ஆகவே எழுத்துக்கான இடத்தைத் தாராளமாக விடுங்கள்.

என் முதல் கூட்டுக் கண்காட்சியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கடைசி இரவு வரை இரண்டு படங்களில் கைவைத்துக்கொண்டே இருந்தேன். காலையில் குமிழி வைத்த பிளாஸ்டிக் தாளில் சுற்றி வான் வண்டியில் ஏற்றினேன். கூடத்தில் பிரித்தபோது படத்தில் தீட்டிய வானம் முழுக்க வட்ட வட்டமாகப் பதிந்திருந்தது. அந்த மழைக்கால வானத்துக்காக மூன்று வாரம் உழைத்திருந்தேன். ஒன்றைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டேன், மற்றதைத் தூர இருந்து பார்க்கும் மூலையில் தொங்கவிட்டோம். உலர்ந்துவிட்டது என்று நினைக்கும் படத்தைக்கூட நேரே பிளாஸ்டிக்கில் சுற்றக்கூடாது. அக்ரிலிக்கும் அப்படித்தான், இந்த வெக்கையில் இளகி ஒட்டும். முதலில் கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள், அதற்கு மேலே மற்றது.

பிரேமுக்கும் படம் முடியும் வரை காத்திருக்கத் தேவையில்லை. கன்வஸ் இழுத்துக் கட்டிய அன்றே அளவைக் கொடுத்து ஓடர் பண்ணுங்கள். ஜூலை, ஓகஸ்டில் போயா (பௌர்ணமி) நாட்களில் கடை பூட்டு. ஆடிவேல் நாளில் காலி வீதியில் வான் வண்டியை எதிர்பார்க்காதீர்கள், தேர் போகும். லயனல் வெண்ட் கூடம், ஜே.டி.ஏ. பெரேரா கூடம் போன்ற இடங்களில் நடக்கும் கூட்டுக் காட்சிகள் பெரும்பாலும் சில நாட்களுக்குத்தான் இருக்கும், தொங்கவிடக் கிடைப்பதும் குறைந்த நேரம். ஆணி, கம்பி, லெவல், தலைப்பு அட்டை எல்லாம் முதல் நாளே ஒரு பையில் இருக்க வேண்டும். கட்டலொக்குக்குப் புகைப்படம் எப்போது வேண்டும் என்பதை இன்றைக்கே கேளுங்கள். சில ஒருங்கிணைப்பாளர்கள் ஒரு மாதம் முன்னரே கேட்பார்கள், அப்போது உங்கள் படம் பாதியில் நிற்கும். முடிந்த அந்த ஒரு படத்தை அதற்குக் கொடுத்துவிடலாம்.

ஒப்பந்தம் பற்றி. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, சம்பளத்துக்கு வேலை செய்பவர் அல்லாத ஒருவர் கீறிய படத்தின் உரிமை முதலில் அவருடையதுதான். அதை இன்னொருவருக்கு மாற்றவோ பயன்படுத்த அனுமதிக்கவோ எழுத்தில், இரு தரப்பும் கையெழுத்திட்டுச் செய்ய வேண்டும். எழுத்தில் குறிப்பிடாத உரிமை போகாது. பாதுகாப்பு, கீறியவர் வாழும் காலமும் அதற்குப் பின் 70 வருடமும். இது எனக்கு 2007 வாக்கில் தெரிந்திருந்தால், நான் ஒரு கதைக்குக் கீறிய யானைக்குட்டி பள்ளிக்கூடக் கொப்பி அட்டைகளில் ஊர்வலம் போனபோது வாயடைத்து நின்றிருக்கமாட்டேன். எழுத்தில் ஒன்றும் இல்லை, எல்லாம் போனில் கதைத்ததுதான். எனவே ஒரு பக்கக் கடிதம் போதும், ஆனால் இருக்க வேண்டும்: எந்த மொழிப் பதிப்புகளுக்கு, எத்தனை பிரதி அல்லது எத்தனை வருடத்துக்கு, திருத்தம் எத்தனை தடவை (இரண்டு என்று போடுங்கள், அதற்கு மேல் தனிக் கட்டணம்), வேலை நடுவில் கைவிடப்பட்டால் எவ்வளவு, உங்கள் பெயர் அட்டையில் வருமா. மூலப் படங்கள் உங்களிடம் திரும்ப வரும் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் அந்த மூலப் படங்களையே பிரேம் போட்டு விற்கலாம். கொழும்பு கிரீன் பாத் வீதியில் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கலா பொல என்ற திறந்தவெளி ஓவியச் சந்தையில் புத்தகப் படங்களின் முன் தாய்மாரும் பிள்ளைகளும் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று நான் பார்த்திருக்கிறேன்.

இதுவரை சொன்னதில் உலர்வது, அச்சு, எழுத்தில் ஒப்பந்தம் மூன்றும் உறுதியானவை. நாள் கணக்கு என் கையின் வேகத்தை வைத்துப் போட்டது. முதல் இரட்டைப் பக்கத்தை முடித்ததும் உங்கள் வேகத்தை அளந்து கணக்கைத் திருத்துங்கள், ஒன்றரை நாள் இரண்டரையானால் அன்றே தெரிந்துகொள்வது நல்லது. இனி வருவது வெறும் அபிப்பிராயம். இந்தப் புத்தகத்தை மறுத்தால் அந்தப் பதிப்பாளர் திரும்ப வருவாரா? மரியாதையாக, உடனே, காரணத்தோடு மறுத்தவர்களிடம் திரும்பிப் போன பதிப்பாளர்களை எனக்குத் தெரியும், போகாதவர்களையும் தெரியும். ஒத்துக்கொண்டுவிட்டு நடுவில் காணாமல் போனவரிடம் திரும்பிப் போன ஒருவரையும் தெரியாது. இலஸ்ட்ரேஷன் செய்கிறவரை ஓவியக் கூடம் நடத்துகிறவர்கள் குறைவாகப் பார்ப்பார்களா? நான் தொடங்கிய காலத்தில் பார்த்தார்கள், என் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. இப்போது அந்தப் பார்வை நிறையத் தளர்ந்திருக்கிறது. கண்காட்சியில் படம் விற்குமா என்பதை மட்டும் யாரும் சொல்ல முடியாது. விற்றாலும் கூடத்தின் பங்கு போகும், சில இடத்தில் பாதிவரை. ஆகவே ஓகஸ்ட் வாடகையை அதை நம்பி வைக்காதீர்கள்.

இந்த வாரமே இரண்டு பேரோடு கதைக்க வேண்டும். கண்காட்சி ஒருங்கிணைப்பாளரிடம், "ஆறு தருவதாகச் சொன்னேன், நான்கு நன்றாகத் தருகிறேன், என் சுவரின் அளவை அதற்கேற்ப வையுங்கள்" என்று சொல்லுங்கள். இப்போது சொன்னால் அவருக்கு அது இட ஒதுக்கீட்டில் ஒரு சின்ன மாற்றம். பதிப்பாளரிடம் அச்சகத்துக்குப் போகும் சரியான திகதியைக் கேட்டு எழுதி வாங்குங்கள். கோட்டுப்படங்களுக்கு ஒரு வாரத்துக்குள் பதில் வந்தால் மட்டுமே அந்தத் திகதிக்கு முடியும் என்பதையும் அதே வட்ஸ்அப்பில் எழுதிவையுங்கள். அவர் சொல்லும் திகதி ஜூலைக்குள் விழுந்தால் என் கணக்கு முழுக்கப் பிழைத்துவிடும். அப்போது இந்தப் புத்தகத்தை மறுத்துவிட்டு அடுத்த வருடத்துக்கு ஒன்று கேளுங்கள். திகதி தெரிந்ததும் இங்கே எழுதுங்கள், கன்வஸின் அளவுகளையும் சேர்த்து. வாரக் கணக்கை உங்களோடு இருந்து திரும்பவும் போட்டுப் பார்க்கிறேன்.